ஸ்டோர்ஸம்மா செய்த ஆப்

எனக்குக் கோபம் வந்தால்தான் மண்டையில் எதுவும் ஏறும். ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொண்டதே, திருவேற்காட்டில் ஒரு ஷேர் ஆட்டோக்காரர் "பொம்பளைங்க ஏறி உக்கார்றதுக்குள்ள சிக்னல் போயிடுது" என்று சலித்துக்கொண்ட வாரத்தில்தான். ஆப் செய்யக் கற்றுக்கொண்டதும் அப்படித்தான். எங்கள் முதலாளி என்னைப் பேக்கிங்கில் போய் உட்காரச் சொன்னார். அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை. மறுநாள் காலை ஆரம்பித்துவிட்டேன்.

நான் வேலை பார்ப்பது மண்ணூர்பேட்டையில், அம்பத்தூர் தொழிற்பேட்டை எஸ்டேட்டை ஒட்டிய ஒரு சின்ன கம்பெனி. நாற்பது பேர். வண்டிகளுக்குள் போகும் புஷ் செய்கிறோம். புஷ் என்றால் குழாயை நறுக்கியது போன்ற இரும்பு வளையம். லேத்தில் கடைந்ததும் அது வெளியே ஓர் உலைக்காரரிடம் போகும். அங்கே சூடாக்கிக் குளிர வைத்து இரும்பைக் கெட்டியாக்குவார்கள். அதற்கு ஹார்டனிங் என்று பெயர். திரும்பி வந்ததும் கிரைண்டிங், பிறகு பேக்கிங். எல்லாம் கிரேட் என்னும் நீல பிளாஸ்டிக் பெட்டிகளில் போகும், வரும். எந்தக் கிரேட் எங்கே போனாலும் என் மேஜையைத் தாண்டித்தான் போக வேண்டும். பன்னிரண்டு வருஷமாக ஸ்டோர்ஸ் நான்தான். என் பெயரையே மறந்துவிட்டு எல்லோரும் 'ஸ்டோர்ஸம்மா' என்றுதான் கூப்பிடுவார்கள். பிடித்துத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

ஆடி மாதம் ஒரு கிரேட் புஷ் ஹார்டனிங்குக்குப் போகாமலே கிரைண்டிங்குக்குப் போய், பளபளவென்று தேய்ந்து, பேக்கிங்கில் பெட்டி கட்டி, கஸ்டமர் கம்பெனிக்கே போய்ச் சேர்ந்துவிட்டது. வண்டியில் ஏறுவதற்கு முன் அவர்கள் சோதித்துக் கண்டுபிடித்ததால் யார் தலையிலும் விடியவில்லை. எங்கள் தலையில் மட்டும் விடிந்தது.

முதலாளி கூப்பிட்டார். அவர் கத்துகிறவர் இல்லை. கத்தினால்கூடத் தேவலை.

"ஏம்மா, இது எப்படிப் போச்சு?"

"தெரியலை சார்."

"ஸ்டோர்ஸ்ல இருக்கிற நீங்களே தெரியலைன்னா நான் யாரைப் போய்க் கேக்கிறது?"

என் நோட்டைப் பிரித்துக் காட்டினேன். ஆறு கிரேட் போனது, ஆறு கிரேட் வந்தது என்று அழகாக எழுதியிருந்தது. எந்த ஆறு என்று இல்லை. சாக்பீஸில் எழுதிய நம்பர் எண்ணெய் பட்டு எப்போதோ அழிந்திருந்தது. அவர் நோட்டை மூடி என் பக்கமே தள்ளினார்.

"ஆயுத பூஜை முடிஞ்ச மறுநாளுக்கு மறுநாள் கஸ்டமர் ஆடிட்டுக்கு வர்றாங்க. ஒவ்வொரு கிரேட்டும் எங்கிருந்து எங்க போச்சுன்னு காட்டலைன்னா ஆர்டரை நிறுத்திடுவாங்களாம். ஸ்டோர்ஸுக்கு ஒரு டிப்ளமா ஆளைப் பார்த்துக்கிட்டு இருக்கேன். நீங்க பேக்கிங்ல இருந்துக்கோங்கம்மா. சம்பளத்துல கை வைக்க மாட்டேன்."

அந்தக் கடைசி வாக்கியம்தான் என்னைக் குத்தியது. நிற்க முடியாதவளுக்கு ஸ்டூல் எடுத்துப் போட்டது போல இருந்தது.

"ஆயுத பூஜை வரைக்கும் எனக்கு டைம் கொடுங்க சார். எல்லாக் கிரேட்டையும் போன்லயே காட்டுறேன்" என்றேன்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்றே எனக்குத் தெரிந்தது. அன்று காலை போனில் ஒரு விளம்பரம் ஓடியிருந்தது, 'கோடிங் எழுதாமலே உங்கள் தொழிலுக்கு ஆப்' என்று. அதைத் தள்ளிவிட்டுத்தான் வேறு எதையோ பார்த்தேன். ஆனால் சமயத்தில் வாய் முந்திக்கொண்டது. முதலாளி சிரிக்கவில்லை. பெரிய சாஃப்ட்வேர் கம்பெனிக்காரர் ஒருவர் ஏற்கெனவே வந்து பார்த்துவிட்டு, ஆறு மாதம் ஆகும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். "பாருங்க" என்றார். அவ்வளவுதான்.

அயனம்பாக்கத்தில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜைதான் என் பள்ளிக்கூடம். காலேஜ் முடித்துப் போன என் பெண் விட்டுவிட்டுப் போன லேப்டாப். அதில் இரண்டு எழுத்து பட்டன்கள் வேலை செய்யாது. காலையில் ஏரிப் பக்கம் நடக்கப் போவதை நிறுத்தினேன். ஐந்து மணிக்கு எழுந்து, குக்கர் வைத்துவிட்டு, வீடியோக்களைப் பார்க்க ஆரம்பித்தேன். பாடம் நடத்துகிறவர்கள் எல்லோரும் ஓட்டமும் நடையுமாகத்தான் பேசினார்கள். 'ஈஸி, ஈஸி' என்று மூச்சுக்கு ஒருமுறை சொன்னார்கள். உனக்கு ஈஸி அப்பா, எனக்கா ஈஸி? ஒரு நிமிஷ வீடியோவைப் பத்து தடவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். நிறுத்தின இடத்தில் எல்லாம் அவர் வாய் கோணிக்கொண்டு நிற்கும். அதைப் பார்த்து எனக்கு நானே சிரித்துக்கொள்வேன்.

விஷயம் இவ்வளவுதான் என்று புரியவே ஒரு வாரம் ஆயிற்று. இந்த வகைக்கு லோ-கோடு என்று பெயர்; அதற்காகக் கோடிங்கே இல்லை என்று அர்த்தமில்லை. நாம் கட்டம் கட்டமாக ஒரு அட்டவணை போட்டுத் தர வேண்டும். போனில் தெரியும் திரை, பட்டன், நிரப்பும் படிவம் எல்லாவற்றையும் அதுவே போட்டுக்கொள்ளும். 'இப்படி இருந்தால் விடாதே' என்று ஏதாவது விதி வேண்டுமானால் மட்டும் ஒரு வரி, இரண்டு வரி நாம் எழுத வேண்டும். ஆக, கஷ்டமெல்லாம் அட்டவணையில்தான். நம் வேலையை நாமே முழுசாகத் தெரிந்து வைத்திருக்கிறோமா என்று அது கேட்கிறது. எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன்.

கம்பெனி விஷயத்தில் கை வைப்பதற்கு முன் வீட்டில் ஒன்று செய்து பார்த்தேன். எங்கள் தெருவில் என் எவர்சில்வர் பாத்திரங்கள் ஊர் சுற்றிக்கொண்டிருந்தன. குழம்பு கொடுத்தனுப்பினால் தூக்கு திரும்பி வராது. கேட்டால் 'அப்பவே கொடுத்துட்டேனே' என்பார்கள். பாத்திரம், யாரிடம் இருக்கிறது என்று இரண்டு கட்டம் போட்டேன். பாத்திரம் கை மாற மாற 'யாரிடம்' என்ற கட்டத்தை மாற்றி மாற்றி எழுதினேன். நாலாம் நாள் பெரிய தூக்கு எதிர்வீட்டில் இருப்பதாக ஆப் சொன்னது. எதிர்வீட்டம்மா இல்லவே இல்லை என்றாள். அதற்கு முன் அது யாரிடம் இருந்தது என்று பார்க்கலாம் என்றால், பழையதை நானே அழித்து அழித்துத்தானே எழுதியிருக்கிறேன்?

அப்போதுதான் பொறி தட்டியது. பாத்திரத்துக்கு ஒரு அட்டவணை, அது போன இடங்களுக்கு இன்னொரு அட்டவணை வேண்டும். ஒவ்வொரு போக்குக்கும் ஒரு புது வரி. எதையும் அழிக்கக் கூடாது, கீழே சேர்த்துக்கொண்டே போக வேண்டும். இரண்டையும் பாத்திரத்தின் நம்பர் இணைக்கும். ஆவடி டிப்போவில் வேலை பார்க்கும் என் கணவர் எட்டிப் பார்த்துவிட்டு, "எங்க டிப்போல லெட்ஜர் இப்படித்தான் இருக்கும். இதுக்கா இவ்ளோ நாள்?" என்றார். "அந்த லெட்ஜரை நீங்க ஒரு நாளாவது வீட்ல சொல்லியிருக்கீங்களா?" என்று கேட்டேன். காபி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

தூக்கு இன்னும் கிடைக்கவில்லை. போகட்டும். கம்பெனி ஆப்புக்கு வழி கிடைத்துவிட்டது.

நூற்று நாற்பது கிரேட்டுக்கும் நம்பர் போட்டேன். ஒவ்வொன்றுக்கும் கட்டம் கட்டமான கியூஆர் கோடு அச்சடித்து, லேபிளாக முன்பக்கம் ஒட்டினேன். கிரேட்டை நகர்த்துகிறவர் போனில் அதைப் படம் பிடித்து, உள்ளே என்ன பார்ட், எங்கே போகிறது என்று தேர்ந்தெடுத்துவிட்டு அனுப்பினால் போதும். ஆவணி பிறக்கும்போது பட்டறையில் பயன்பாட்டுக்கு விட்டேன். முதல் வாரக் கடைசியில் பார்த்தால், கம்பெனி முழுக்க ஒரே பார்ட்தான் ஓடுகிறது என்று ஆப் சொன்னது. டிராயிங்கில் இருக்கிற பத்து இலக்க பார்ட் நம்பர்களைப் பட்டியலாகப் போட்டிருந்தேன். பதினாறு நம்பர். யாராவது கிரேட்டைக் கையில் பிடித்துக்கொண்டு பத்து இலக்கம் படிப்பானா? பட்டியலில் முதலில் நின்றதை எல்லோரும் தட்டிவிட்டுப் போயிருந்தார்கள்.

கத்தினேன். எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்துக் கத்தினேன். கேட்டுக்கொண்டு நின்றவர்களில் ஒருவர் பேக்கிங் அக்கா. மண்ணூர்பேட்டை ஊர்க்காரர்; எஸ்டேட் வருவதற்கு முன்பு இங்கே நெல் விளைந்த காலத்திலிருந்து அவர்கள் குடும்பம் இங்கேதான். நான் மூச்சு வாங்க நிறுத்தியதும் ஆரம்பித்தார்.

"ஸ்டோர்ஸம்மா, கத்தி முட்ச்சியா? இந்த நம்பரை யாரு சொல்றா இங்க? தொப்பிக்கு தொப்பின்னு போடு, மூக்கனுக்கு மூக்கன்னு போடு. ஒரு படத்தையும் போட்டு உடு. அப்பால எவன் தப்பா அமுக்குறான்னு நான் பாத்துக்கறேன்."

விளிம்பு வைத்த புஷ் தொப்பி, ஒரு பக்கம் நீட்டிக்கொண்டிருப்பது மூக்கன், சின்னது பொடியன். பன்னிரண்டு வருஷம் நானே அப்படித்தான் கூப்பிட்டிருக்கிறேன். ஆப் என்றதும் எனக்கு என்னவோ யூனிஃபார்ம் மாட்டிக்கொண்ட மாதிரி பத்து இலக்கம் வந்துவிட்டது. அன்றைக்கே மாற்றினேன். பெயர், படம், பெரிய பட்டன். தப்பு கிட்டத்தட்ட நின்றுபோயிற்று.

இன்னொன்றும் அந்த அக்கா சொன்னதுதான். "நீ ஆயிரம் எய்து, என்கிட்ட வந்தா நான் நிறுத்துதான் எடுப்பேன்" என்றார். அவரிடம் ஒரு எடைமேடை உண்டு. எந்தக் கிரேட்டையும் எடை பார்க்காமல் அவர் தொட்டதே இல்லை. இதை ஏன் எல்லா இடத்திலும் செய்யக்கூடாது என்று யோசித்தேன். புஷ்ஷை எண்ண நேரமாகும், எடை போட ஒரு நொடி. ஆப்பில் நான் சொந்தமாக எழுதிய முதல் விதி அதுதான். முன்பு போட்ட எடைக்கும் இப்போது போட்ட எடைக்கும் அரை கிலோவுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அந்த வரி சிவப்பாகும். கிரேட் அடுத்த இடத்துக்கு நகராது. அந்த ஒரு வரியை எழுத மூன்று நாள் பிடித்தது. ஓர் அடைப்புக்குறியை மூட மறந்திருந்தேன். அது வேலை செய்த காலையில் அடுப்பில் பால் பொங்கி வழிந்தது; நான் லேப்டாப்பின் முன்னால் கை தட்டிக்கொண்டிருந்தேன்.

சிவப்பு வர ஆரம்பித்ததும் என்னிடம் தூது வர ஆரம்பித்தது. "ஸ்டோர்ஸம்மா, ரெண்டு பீஸ் மெஷின் செட்டிங்குக்கு எடுத்தேன், கொஞ்சம் மாத்தி உட்டுரு." "டீ டைம் ஆயிட்ச்சு, பச்சை பண்ணி உடும்மா, அப்பால பாத்துக்கலாம்." எழுதியதைத் திருத்த என் ஒருத்தியால்தான் முடியும். ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் என் போனில் மட்டும் ஒரு பென்சில் படம் தெரியும். அதைத் தொட்டால் பழைய எண்ணை அழித்துப் புதிதாகப் போடலாம். நான் எடுத்திருந்தது இலவசத் திட்டம். யார் திருத்தினார்கள் என்ற தடம்கூட அதில் நிற்காது. ஆனால் ஒருவருக்கும் திருத்திக் கொடுக்கவில்லை. "சிவப்புன்னா சிவப்புதான். கிரேட்டைத் திருப்பி எடுத்துட்டுப் போய் என்ன குறையுதுன்னு பாருங்க" என்பேன். கிரைண்டிங்கில் ஒருவர் என்னோடு நாலு நாள் பேசவே இல்லை. பேசாவிட்டால் போகட்டும் என்று இருந்தேன். ஆயுத பூஜைக்கு இரண்டு வாரம் இருந்தது. எந்தக் கிரேட்டைக் கேட்டாலும் அது எங்கே நிற்கிறது என்று போனில் காட்ட முடிந்தது. டிப்ளமா ஆளைப் பற்றி முதலாளி பேச்சே எடுக்கவில்லை.

இனி என் மடத்தனத்தைச் சொல்ல வேண்டும்.

பூஜைக்கு முந்தின நாள் கம்பெனி முழுக்கக் கழுவிவிடும் வழக்கம் இங்கே எல்லாப் பட்டறையிலும் உண்டு. மெஷினுக்கு டீசல், தரைக்கு சோப்பு ஆயில், கிரேட்டுக்கு வெந்நீரும் தேங்காய் நாரும். வருஷா வருஷம் அதற்கு உத்தரவு போடுகிறவள் நான்தான். அன்றும் போட்டேன். "கிரேட்ல ஒரு பொட்டு அழுக்கு இருக்கக் கூடாது, நல்லாத் தேய்ங்க!" என்று சொல்லிவிட்டு, பொரி, பூ, பூசணிக்காய் வாங்க அம்பத்தூர் மார்க்கெட்டுக்குப் போய்விட்டேன். என் வாயாலேயே சொன்னேன். இரண்டு மாத உழைப்பை நாரைப் போட்டுத் தேய்க்கச் சொன்னேன்.

திரும்பி வந்தபோது கிரேட்டுகள் எல்லாம் கடையில் வாங்கினது போல மின்னின. பாதிக் கிரேட்டில் லேபிளே இல்லை. மீதியில் ஓரம் கிழிந்து ஒட்டிக்கொண்டிருந்த வெள்ளைச் சதுரத்தின் நட்ட நடுவே, மறுநாள் பூஜையில், வரிசையாகச் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டே போனார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. பொட்டு வைக்கக் கிரேட்டில் அதைவிட நல்ல இடம் கிடையாது. ஈரச் சந்தனம் காகிதத்தில் ஊறி, குங்குமம் வழிந்து, கோடு எது கறை எது என்று போனுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. கற்பூரத் தட்டு என் முன்னால் வந்தது. கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

"இன்னா ஸ்டோர்ஸம்மா, மூஞ்சி ஏன் இப்டி கீது?" என்று பேக்கிங் அக்கா கேட்டார். சொன்னேன். கிரேட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "அட கடவுளே" என்று வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு, "நாளிக்கு காத்தால நான் வரேன். ஒவ்வொண்ணா நிறுத்து நிறுத்து, உன் போன்ல பழைய எடை கீது இல்ல, பாத்துப் பாத்து ஒட்டிரலாம்" என்றார்.

பூஜையில் வைத்ததை மறுநாள் விஜயதசமி காலையில் எடுக்கும் வரை யாரும் தொடக் கூடாது. அதற்கு மறுநாள் ஆடிட். இடையில் எனக்கு ஒரே ஒரு பகல்தான். அக்கா சொன்னது சரியான வழி. ஆனால் விஜயதசமிக்கு அவர் வீட்டில் விருந்தாளிகள். நூற்று நாற்பது கிரேட்டை மேடையில் ஏற்றி இறக்கினால் சாயங்காலம் ஆகிவிடும். அதைவிட, என் தலைக்கனம் என்னைச் சும்மா விடவில்லை. "நீங்க வர வேணாம்கா. எனக்குத் தெரியாத கிரேட்டா? எது எங்க நின்னதுன்னு கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லுவேன்" என்றேன்.

காலை ஏழு மணிக்குப் போய்ப் புது லேபிள்களைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, கம்பியால் கட்டினேன். இனி எந்த நாரும் அதைத் தேய்க்க முடியாது. தொப்பி, மூக்கன், பொடியன் என்று பார்ட் பார்த்து, நின்ற இடம் பார்த்து, கட்டிக்கொண்டே போனேன். எடைமேடையில் சாமந்தி மாலை கிடந்தது. அதை எடுக்கக்கூட இல்லை. மதியம் மூன்று மணிக்கு வேலை முடிந்தது. கணவர் கொண்டுவந்து கொடுத்த சாப்பாட்டை வாசற்படியில் உட்கார்ந்து சாப்பிட்டேன். நிம்மதியாக இருந்தது.

மறுநாள் பத்து மணிக்குக் கஸ்டமர் கம்பெனியிலிருந்து குவாலிட்டி ஆபீசர் வந்தார். அமைதியான மனிதர். நான் போனில் காட்டக் காட்டத் தலையாட்டினார். ஏழெட்டுக் கிரேட்டைக் கேட்டார். ஒவ்வொன்றும் அந்தந்த இடத்திலேயே இருந்தது. முதலாளி முகத்தில் லேசாகச் சிரிப்பு வந்திருந்தது. பிறகு அந்த ஆபீசர் ஹார்டனிங் முடிந்த வரிசைக்குப் போய், எண்பத்தேழாம் நம்பர் தொப்பிக் கிரேட்டைத் தொட்டு, "இதை கிரைண்டிங்குக்கு அனுப்புங்க, எப்படி அனுப்புறீங்கன்னு பார்க்கிறேன்" என்றார்.

கிரேட்டை மேடையில் ஏற்றினோம். பேக்கிங் அக்கா எடையைப் படித்தார். இருபத்திரண்டு புள்ளி நாலு. போனில் போட்டேன். சிவப்பு.

பழைய எடை பத்தொன்பது புள்ளி எட்டு. இருபத்திரண்டு புள்ளி நாலு எந்தக் கிரேட் என்று பார்க்கவே வேண்டாம். எண்பத்தெட்டு. அதுவும் தொப்பிதான், ஆனால் இன்னும் ஹார்டனிங்குக்கே போகாதது. துரு பிடிக்காமலிருக்க எண்ணெய் தடவி வைத்தால் இரண்டும் ஒரே கறுப்பு. கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. கழுவி வைத்ததில் இரண்டும் இடம் மாறியிருக்கின்றன; முந்தின நாள் லேபிளை மாற்றிக் கட்டியிருக்கிறேன், நான்.

ஆபீசருக்கு ஒரு போன் வந்தது. இரண்டடி தள்ளிப் போய்ப் பேசினார். முதலாளி அவர் பக்கத்தில் நின்றார். என் திரையில் பென்சில் படம் இருந்தது. பழைய எடையை இருபத்திரண்டு புள்ளி நாலு என்று மாற்றினால் பச்சை. சாயங்காலம் லேபிளை மாற்றிக் கட்டிக்கொள்ளலாம், ஈ, காக்காய்க்குக்கூடத் தெரியாது. பன்னிரண்டு வருஷ நாற்காலி. டிப்ளமா ஆள். 'சம்பளத்துல கை வைக்க மாட்டேன்.' எல்லாம் ஒரே நேரத்தில் ஓடியது. பென்சிலைத் தொட்டேன். கட்டம் திறந்தது. பத்தொன்பது புள்ளி எட்டை அழித்தேன். ஆம், அழித்தேன். அதுவரைக்கும் போனேன்.

பேக்கிங் அக்கா என் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். மெதுவாகத்தான் கேட்டார். "செவப்புதானே காட்டிச்சு?"

இரண்டு மாதமாக மற்றவர்களிடம் நான் சொன்னதைத்தான் அவர் கேட்டார். கட்டம் காலியாக இருந்தபடியே போனைக் கொண்டுபோய் ஆபீசரிடம் நீட்டினேன்.

"சார், எண்பத்தேழும் எண்பத்தெட்டும் மாறிப்போச்சு. இது ஹார்டனிங் ஆகாத மெட்டீரியல். நேத்து எடை போடாம லேபிள் கட்டினது நான்தான்."

அவர் திரையைப் பார்த்தார். "இந்தக் கட்டம் ஏன் மேடம் காலியா இருக்கு?"

"நான்தான் சார் அழிச்சேன். மாத்திப் போட்டுடலாம்னு நினைச்சேன்."

முதலாளி முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. ஆபீசர், பக்கத்து வரிசையில் எண்பத்தெட்டு என்று லேபிள் கட்டியிருந்த கிரேட்டை ஏற்றச் சொன்னார். பத்தொன்பது புள்ளி எட்டு. ஒரு அரம் கேட்டு வாங்கி, இரண்டு கிரேட்டிலிருந்தும் ஒவ்வொரு புஷ்ஷை எடுத்துத் தேய்த்துப் பார்த்தார். ஹார்டனிங் ஆனதில் அரம் வழுக்கியது, ஆகாததில் பிடித்துச் சுரண்டியது.

"ஆப் பிடிச்சிருச்சு. பிடிச்சதை உங்களால அழிக்க முடியுது. யார் யாரால இதை மாத்த முடியும்?"

"என்னால மட்டும்தான் சார்."

"அப்போ அதை எடுத்துடுங்க. தப்பான வரி தப்பாவே நிக்கட்டும், சரியானதை அதுக்குக் கீழ போடுங்க. அதைச் செஞ்சு காட்டினா நான் கையெழுத்துப் போடுறேன். ஒரு வாரம் கழிச்சு எல்லாக் கிரேட்டோட எடையும் எனக்கு மெயில்ல வரணும்." பிறகு முதலாளியின் பக்கம் திரும்பினார். "இந்தச் சிஸ்டத்துக்கு யார் சார் பொறுப்பு?"

முதலாளி என்னைப் பார்த்தார்.

"இவங்கதான் சார்" என்றார். "ஸ்டோர்ஸ் இவங்கதான்."

லேப்டாப்பைத் திறந்தேன். முதலில் பத்தொன்பது புள்ளி எட்டைத் திரும்ப அதன் கட்டத்தில் போட்டேன். ஆப்பின் உரிமையாளர் கணக்கை முதலாளியின் பெயருக்கு மாற்றி, பாஸ்வேர்டை அவரையே போடச் சொல்லி, நான் திரும்பி நின்றேன். பிறகு யார் யாருக்கு என்ன அனுமதி என்ற பக்கம். எல்லோர் பெயருக்கு நேரேயும் இரண்டு டிக்: பார்க்கலாம், சேர்க்கலாம். என் பெயருக்கு நேரே மட்டும் நாலு. திருத்தலாம் என்பதை எடுத்தேன். அழிக்கலாம் என்பதை எடுத்தேன். உறுதிதானா என்று கேட்டது. ஆம் என்று அழுத்தினேன்.

ஆடி மாதக் கிரேட்டை யார் மாற்றினார்கள் என்பது இன்றுவரை தெரியாது. 'தெரியலை சார்' என்று சொன்ன அன்று நாற்பது பேரில் ஒவ்வொருவரையும் மனதுக்குள் நிறுத்தி விசாரித்தேன், என்னை மட்டும் நிறுத்தவில்லை. இப்போது ஆப்பைத் திறந்தால் எண்பத்தேழாம் நம்பர் கிரேட்டில் அந்தச் சிவப்பு வரி என் பெயரோடு நிற்கிறது. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு முதலில் அதைத்தான் காட்டுகிறேன். அதை என்னாலும் அழிக்க முடியாது.